பெருவிரல் உயரம்

கத்தியை அருள்மலர் ஒருவர் கையிலும் கொடுப்பதில்லை. யாராவது கேட்டால் பலகையில் வைப்பார், பிடி கேட்டவர் பக்கம் பார்த்தபடி. வேண்டியவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தி கைக்குக் கை மாறினால் அந்த இரண்டு பேருக்கும் இடையில் சண்டை வந்தே தீரும் என்பது அவருடைய கட்சி. ஒருமுறை கடையைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரி கத்தியைப் பார்க்க வேண்டுமென்று கையை நீட்டினார். அருள்மலர் கத்தியைப் பலகையில் வைத்தார். அதிகாரி மறுபடியும் கையை நீட்டினார். அருள்மலர் கத்தியை எடுத்து, மறுபடியும் பலகையிலேயே வைத்தார், இந்த முறை இன்னும் கொஞ்சம் மரியாதையாக. அதிகாரி கடைசியில் தானே குனிந்து எடுத்துப் பார்த்தார். கடைக்கு நல்லபடியாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பாத்தியளே, சண்டை வரேல்லை," என்றார் அருள்மலர், மீனுக்குக் காத்து நின்றவர்களைப் பார்த்து.

பாரிஸின் லா ஷப்பலில், கார் து நோர் ரெயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஒரு தமிழ்க் கடையின் பின்பக்கத்தில் அவர் மீன் வெட்டுகிறார். பதினொரு வருடமாக வெட்டுகிறார். மன்னார்க்காரி, வயது ஐம்பத்திரண்டு. காலில் இரண்டு சோடி கம்பளிக் காலுறை, அதற்கு மேல் ரப்பர் சப்பாத்து, கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் நீலப் பிளாஸ்ரிக் ஏப்ரன். மூக்குக் கண்ணாடியில் எப்போதும் ஒரு செதில் ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிடும் துணிவு இதுவரை ஒருவருக்கும் வந்ததில்லை.

மீனைக் கையில் எடுத்ததும் ஒரே கேள்விதான்: "பொரிக்கவோ, குழம்புக்கோ?" இதற்குப் பதில் இல்லாமல் வெட்டு விழாது. "எப்பிடியாவது வெட்டுங்கோ அக்கா" என்று சொல்கிறவரின் மீனை ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அந்த ஆள் யோசித்து முடிக்கும் வரைக்கும் மீன் அங்கேயே கிடக்கும். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு பையன் ஒருநாள் வந்து, "ஆன்ட்டி, வஞ்சிரம் இருக்கா? போன்லெஸ்ஸா வேணும்" என்றான். "அறக்குளா எண்டு சொல்லும், தருவன். முள்ளில்லாமல் வேணுமெண்டால் பெரிய கடையிலை பெட்டிக்குள்ளை கிடக்கு, போய் வாங்கும்," என்றார். பையன் அறக்குளாவே வாங்கினான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். ஏச்சு வாங்கியவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள், இது என்ன வசியமோ தெரியவில்லை.

2013 மாரியில் அவருடைய வலது மணிக்கட்டு நோகத் தொடங்கியது. அந்த நோவுக்கு நல்ல ஒழுங்கு இருந்தது. காலை எட்டரைக்குப் பலகையில் நின்றால் பத்தரைக்கு வரும். பெருவிரலின் அடியில் கிளம்பி முழங்கை வரைக்கும் ஏறும். டொக்டர் 'தந்தினித்', அதாவது தசைநார் வீக்கம், என்று எழுதி, ஒரு மாதம் கையை ஆட்டக்கூடாது என்று கடிதமும் கொடுத்தார். அருள்மலர் அதை நான்காக மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்.

"ஒரு மாதம் வீட்டிலை நிண்டால் பலகையிலை வேறை ஆள் நிக்கும். பிறகு ஆர் என்னைத் தேடப்போகினம்?" என்று கணவர் ரேமண்டிடம் சொன்னார்.

அவருடைய அபிப்பிராயத்தில் பிழை கத்தியில்தான். கடைக் கத்திகளை மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிரெஞ்சுக்காரர் வான் வண்டியில் வந்து வாங்கிப்போய் மிசினில் தீட்டிக் கொண்டுவருவார். மூன்று நாள் நன்றாக வெட்டும். நாலாம் நாளிலிருந்து மீனை வெட்டுவதா, அமத்தி உடைப்பதா என்ற நிலைமை. மொட்டைக் கத்திக்குக் கை பாரம் கொடுக்க வேண்டும். பாரம் கொடுத்தால் கை நோகும். இதை அவர் கடைக்காரர் ஞானரட்ணத்திடம் விளக்கமாகவே சொன்னார்.

ஞானரட்ணம் அறுபத்து மூன்று வயது மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர். தனக்கென்று ஒரு கத்தி வைத்திருக்கிறார். அதை வான்காரரிடம் கொடுப்பதில்லை, வேறு யாரும் தொடுவதுமில்லை. துவாயில் சுற்றிக் காசு மேசைக்குக் கீழே வைத்திருப்பார். பெரிய சுறா வந்தால் மட்டும் வெளியே எடுப்பார். அவர் அருள்மலரின் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அருள்மலரின் கையைப் பார்த்தார்.

"கத்தியிலை பிழை இல்லை, அருள்மலர். போன கிழமைதானே தீட்டி வந்தது. கைதான். ஐம்பது தாண்டினால் எல்லாருக்கும் உப்பிடித்தான்."

"உங்களுக்கு அறுபதும் தாண்டிப்போச்சே, அண்ணை."

"நான் நாள் முழுக்க வெட்டுறேல்லைத்தானே. நீர் வேணுமெண்டால் மரக்கறிப் பக்கம் நில்லுமன். ஒரு பாரமும் இல்லை."

மரக்கறிப் பக்கம் என்பது கடைக்கு வெளியே, நடைபாதையோரம். கத்தரிக்காயை நிறுத்துப் பையில் போட வேண்டும். அங்கே நிற்கிறவரிடம் சனம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: "இது இண்டைக்கு வந்ததோ?" யாருக்கும் ஏச முடியாது, யாருக்கும் சமையல் சொல்லிக் கொடுக்க முடியாது. வருடக்கணக்காக ஐஸ் தண்ணிக்குள் கை வைத்து நின்ற அருள்மலர், வெளியே குளிர் என்று சொல்லி அதை மறுத்தார். ஞானரட்ணம் காசு மேசைக்குத் திரும்பினார். ஆனாலும் அந்தப் பேச்சு அருள்மலரை விட்டுப் போகவில்லை. கையா, கத்தியா? கத்தி என்று ஊருக்கெல்லாம் சொன்னார். கையாக இருந்துவிட்டால்? கத்தி நன்றாகத் தீட்டுப்பட்ட பிறகும் பத்தரைக்கு நோ வந்துவிட்டால்? அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

பயந்துகொண்டே தீட்டப் பழகினார். கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ அகப்பட்டது. அரத்தாளில் கத்தி தீட்டுவது எப்படி என்பதுதான் விஷயம். அதில் முகமே இல்லை, பேச்சும் இல்லை. இரண்டு கைகள் மட்டும் வந்து வேலையைச் செய்து காட்டின. கதைக்காமல் வேலை செய்கிற கை என்பதால் அருள்மலருக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த நாளே சாமான் கடைக்குப் போய் "பப்பியே து வேர்" என்று அரத்தாளைப் பிரெஞ்சில் கேட்டு, சொரசொரப்பில் இரண்டும் மென்மையில் இரண்டுமாக நாலு தாள் வாங்கினார். தாளை விரிக்க மட்டமான இடம் வேண்டுமே? குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நடுக் கண்ணாடித் தட்டைக் கழற்றிக் குசினி மேசையில் வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் போத்தல் மேல் தட்டின் இடுக்கில் படுத்தபடியே இருந்தது.

பழக எடுத்தது கடைக் கத்தியைத்தான். வீட்டுக் கத்தியில் பழகலாமே என்று ரேமண்ட் கேட்டார். "வீட்டுக் கத்தியிலை பழகினால் வீட்டுக் கத்திதான் தீட்டத் தெரியும்," என்று பதில் வந்தது. திங்கட்கிழமை கடை பூட்டு. ஞாயிறு மாலை கத்தியை எடுத்துப்போய்ச் செவ்வாய் காலை கொண்டுவந்து வைத்துவிடலாம். ஆனால் வீடு இருப்பது லா கூர்னெவில். கார் து நோரில் எர்-எர்-பே ரெயில் ஏற வேண்டும், அங்கே பொலிஸ் நிற்கும், பரிசோதகர் நிற்பார். முக்கால் முழக் கத்தியோடு ரெயில் ஏறக்கூடாது என்பதை அருள்மலருக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அவர் கத்தியைக் கடதாசியில் சுற்றினார். நல்ல நீளமான முருங்கைக்காயாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கினார். கத்தியை நடுவில் செருகி இரண்டு இடத்தில் ரப்பர் போட்டார். பைக்கு வெளியே முருங்கைக்காய் மட்டும் எட்டிப் பார்த்தது.

இரண்டாம் ஞாயிறு பரிசோதகர் ஒருவர் டிக்கெட்டைப் பார்த்த பிறகும் போகாமல் நின்றார். பையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அருள்மலர் ஒரு முருங்கைக்காயின் நுனியைத் தட்டிக் காட்டினார். "ஸே புர் லா சூப்," என்றார், சூப் வைக்கத்தான் என்று. எத்தனை நேரம் அவிய வேண்டும் என்று அந்த மனிதர் அக்கறையாகக் கேட்டார். இருபது நிமிடம் என்று அருள்மலர் சொன்னார். அது உண்மைதான்.

ஞானரட்ணத்துக்கும் இந்த முருங்கைக்காய் கண்ணில் பட்டது. "ஒவ்வொரு ஞாயிறும் முருங்கைக்காயோ?" என்றார். "அவருக்கு விருப்பம்," என்றார் அருள்மலர். அவருக்கு என்றால் ரேமண்டுக்கு. விடியற்புறம் எழுந்து அலுவலகங்கள் துடைக்கப் போய், மத்தியானம் வீட்டுக்கு வந்து முருங்கைக்காய்க் குழம்பும் முருங்கைக்காய்ச் சொதியும் சாப்பிட்ட அந்த மனிதரிடம் ஒருவரும் விருப்பம் கேட்கவில்லை.

முதல் இரண்டு திங்களும் கத்தி, போனதைவிட மொட்டையாகத்தான் திரும்பியது. கூர்ப் பக்கத்தை முன்னே தள்ளினார், தாள் கிழிந்தது. பின்னாலே இழுக்க வேண்டும் என்று பிறகுதான் கவனித்தார். வீடியோக் கைகள் கத்தியின் முதுகுக்குக் கீழே சுண்டுவிரலைக் கொடுத்து, இவ்வளவுதான் உயரம் என்று காட்டின. அருள்மலரும் சுண்டுவிரலை வைத்துப் பார்த்து, அந்த உயரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு பக்கம் இழுக்க இழுக்க மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு ஒன்று விரலில் தட்டும். அது தட்டினால் கத்தியைத் திருப்பிப் போட வேண்டும். கடைசியில் ரேமண்டின் இடுப்புப் பட்டியில் இருபது தரம் தேய்க்க வேண்டும். ரேமண்ட் திங்கட்கிழமைகளில் காற்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நடமாடினார்.

கூரைப் பார்ப்பதற்குச் சுவரில் தொங்கிய நாட்காட்டி உதவியது. வீடியோவில் கடதாசியை வெட்டிக் காட்டினார்கள், அருள்மலர் நாட்காட்டித் தாளை வெட்டினார். முதலில் போன நாட்கள் வெட்டுப்பட்டன. அவை முடிந்ததும் வரப்போகிற நாட்கள். மூன்றாம் திங்கள் தாள் நொருங்கிக் கிழிந்தது, நாலாம் திங்கள் பாதி வெட்டியது, ஐந்தாம் திங்கள் ஒரு சத்தமும் இல்லாமல் ஒரே இழுவையில் இரண்டாகப் பிரிந்தது. அருள்மலருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை, வெட்டிக்கொண்டே போனார். ரேமண்ட் வந்து பார்த்தபோது தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் ஈஸ்டராகிய உயிர்ப்பு ஞாயிறு வந்துவிட்டிருந்தது.

"இஞ்சேர், உனக்கென்ன விசரே?" என்றார் ரேமண்ட்.

"தவக்காலம் முடிஞ்சுது. போய் இறைச்சி வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றார் அருள்மலர். அந்த வருடத்தில் அவர் சிரித்த முதல் நாள் அதுவாக இருக்கலாம்.

மறுநாள் செவ்வாய், முதல் மீன் பாரை. கத்தி போன போக்கைப் பார்த்து அவரே ஒரு கணம் நின்றுவிட்டார். இரண்டாவது, மூன்றாவது. நாலாவதாக ஒரு பெரிய அறக்குளா, ஐஸ் இன்னும் விடாதது. தலையை எடுக்க ஒரே போடு போட்டார். 'டிக்' என்று ஒரு சத்தம். கத்தியைத் தூக்கிப் பார்த்தால் கூர் விளிம்பில் எலி கடித்த மாதிரி இரண்டு பள்ளம்.

ஞானரட்ணம் வந்தார். கத்தியைப் பலகையிலிருந்து எடுத்தார், பள்ளத்தின் மேல் நகத்தை ஓட்டினார், பழையபடி வைத்தார். ஏசியிருந்தால் அருள்மலரும் ஏசியிருப்பார், கணக்கு நேராகியிருக்கும். அவர் ஏசவில்லை.

"உயிர்ப்பு வரைக்கும் சமாளியும். சனம் கூடுற காலம், உம்மை இப்ப மாத்த ஏலாது. அதுக்குப் பிறகு மரக்கறிப் பக்கம்."

"ஓம் அண்ணை," என்றார் அருள்மலர். கடையில் நின்ற ஏழெட்டுப் பேருக்கும் அது கேட்டது. அன்று அவர் வெட்டிய மீன்களுக்குப் பொரியலா குழம்பா என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டிக் கொடுத்தார். சனம் ஏச்சு வாங்காமல் வீட்டுக்குப் போனது, ஒருவருக்கும் மனம் சரியில்லை.

பள்ளத்தை அழிக்க மூன்று திங்கட்கிழமை எடுத்தது. சொரசொரத் தாளில் விளிம்பு முழுவதையும் பள்ளத்தின் ஆழம் வரைக்கும் தேய்த்து இறக்க வேண்டும். கைநோவுக்கு வைத்தியமென்று தொடங்கிய வேலையில் கைநோ இரட்டிப்பானது. இரவில் மணிக்கட்டைச் சுடுதண்ணியில் வைத்துக்கொண்டு வீடியோவை மறுபடியும் பார்த்தார். தீட்டி முடித்ததும் அந்தக் கைகள் ஒரு தக்காளியை எடுத்து மெல்லிசு மெல்லிசாக வெட்டின. எத்தனையோ தரம் பார்த்த தக்காளிதான்.

"இஞ்சை பாருங்கோ," என்றார் ரேமண்டிடம். "தக்காளியிலை எலும்பு இருக்கே?"

"இல்லை," என்றார் ரேமண்ட், யோசித்துவிட்டு.

அந்த வெள்ளி கடைக்கு ஒரு பெரிய சுறா வந்தது. ஞானரட்ணம் துவாயை விரித்துத் தன் கத்தியை எடுத்தார். வெட்டி முடித்துக் கழுவித் துடைத்து, சுற்றுவதற்கு முன் ஒரு கணம் பலகையில் வைத்தார். அருள்மலர் தொடவில்லை. குனிந்து பார்த்தார். கத்தியின் உடல் மெலிந்துதான் இருந்தது. ஆனால் விளிம்போரம், நெல்மணி அகலத்துக்கு ஒரு கோடு தனியாக மினுங்கியது. அந்த இடத்தில் மட்டும் கூர் தடித்து, சரிவு கூடி நின்றது. எலும்பில் மோதுவதற்கு முன்னால் கத்தி தோளை நிமிர்த்துகிற இடம் அது. அருள்மலர் தன் சுண்டுவிரலைப் பார்த்தார், பிறகு பெருவிரலைப் பார்த்தார்.

"என்ன பாக்கிறீர்?" என்றார் ஞானரட்ணம்.

"ஒண்டுமில்லை. கையைத்தான்," என்றார் அருள்மலர்.

அடுத்த திங்கள் கத்தியின் முதுகுக்குக் கீழே பெருவிரலைக் கொடுத்து உயரம் எடுத்தார். அந்த உயரத்தில் பக்கத்துக்குப் பதினைந்து இழுவை, மென்தாளில் பத்து, பட்டியில் இருபது. கடதாசி முன்னையைப் போல வெட்டவில்லை, கொஞ்சம் முனகிக்கொண்டுதான் வெட்டியது. நாட்காட்டியிலும் வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கத்தியைப் பெரிய சனிக்கென்று சுற்றி வைத்துவிட்டு, அதுவரைக்கும் வேறொரு கடைக் கத்தியால் வெட்டினார்.

பெரிய சனி. அடுத்த நாள் உயிர்ப்பு என்பதால் புறநகர்களான ஸ்தேனிலிருந்தும் லா கூர்னெவிலிருந்தும் சனம் விடியவே வந்து வரிசையில் நின்றது. வரிசை மரக்கறிப் பக்கத்தையும் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. எட்டரைக்கு அருள்மலர் முதல் அறக்குளாவின் தலையில் கத்தியை வைத்தார். சிலுவை அடையாளம் போட்டார். ஒரே போடு. தலை தனியாக விழுந்தது. கத்தியைத் தூக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விளிம்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். பள்ளம் இல்லை.

"பொரிக்கவோ, குழம்புக்கோ?" என்று சத்தமாகக் கேட்டார். வரிசையில் நின்ற பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பத்தரை ஆனது. அருள்மலர் வெட்டிக்கொண்டே காத்திருந்தார். நோ வரவில்லை. எர்-எர்-பே போலப் பிந்தி வரும் என்று நினைத்துக்கொண்டார், நம்பவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. ஒரு பெண், "அக்கா, இண்டைக்கு நல்ல கெதியா வெட்டுறியள்," என்றாள். "கதையை விட்டிட்டுச் சொல்லும், தலை வேணுமோ வேண்டாமோ?" என்று அவளுக்கு நன்றாகவே கிடைத்தது. மத்தியானச் சாப்பாடு நின்றபடி. மூன்று மணிக்குப் பெருவிரலின் அடியில் மெல்லக் கிளம்பியது. வந்துவிட்டது. ஆனால் மூன்று மணிக்குத்தான் வந்தது, முழங்கைக்கு ஏறவுமில்லை. கத்தி பாதி, கை பாதி என்று அருள்மலருக்கு விளங்கியது. கண்ணில் தண்ணி முட்டியது, அதைத் தோளில் துடைத்துக்கொண்டார். இந்தக் கணக்கை அவர் இன்றைக்கு வரைக்கும் ஞானரட்ணத்திடம் சொல்லவில்லை.

ஏழு மணிக்குக் கடைசி ஆளும் போய்விட்டார். அருள்மலர் பலகையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தார். ஞானரட்ணம் காசு மேசையை விட்டு எழுந்து வந்தார். கையில் துவாய். அதை விரித்து, தன் கத்தியை எடுத்து, பிடி அருள்மலர் பக்கம் பார்த்தபடி ஈரப் பலகையில் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இதுவும் கொஞ்சம் மொட்டையாப் போச்சு," என்றார், சுவரைப் பார்த்து.

அருள்மலர் நிமிரவில்லை. பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு செதிலை நகத்தால் கிளப்பி எறிந்தார்.

"எலும்புக்கோ, சதைக்கோ?"

ஞானரட்ணம் யோசித்தார். யோசிக்கிற வரைக்கும் கத்தி அங்கேயே கிடந்தது.

"எலும்புக்குத்தான்," என்றார்.

அருள்மலர் கையைத் துடைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார், அதன் முதுகில் பெருவிரலை வைத்துப் பார்த்தார், பழைய கடதாசி ஒன்றை விரித்துச் சுற்றத் தொடங்கினார். ஞானரட்ணம் கடைக்கு வெளியே, மரக்கறிப் பக்கம் போனார். அங்கே நின்று ஒவ்வொன்றாகத் தூக்கி அளந்து பார்த்து, இருந்ததிலேயே நீளமான முருங்கைக்காயாக ஒரு கட்டு எடுத்துவந்து, அருள்மலருக்கு முன்னால் வைத்தார்.